மணல் நண்டு அள்ள எந்தக் கருவி? கடை ரேக்கும் நானே அடித்த கம்பிவலைத் தட்டும்

தெற்குக் கலிஃபோர்னியாவில் கரையில் நின்று தூண்டில் போடுகிற நம்மவர்கள் சிலர், இரைக்கு மணல் நண்டு அள்ள எந்த ரேக் (நீளக் கழியில் பல் வைத்த வாரி) வாங்கலாம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆளுக்கொரு முறை சொல்வதைவிட மொத்தமாக எழுதிவிடுகிறேன். என் பதில், வாங்காதீர்கள். அரை அங்குலக் கண் வைத்த கம்பிவலை ஒரு துண்டு, மெல்லிய மரச்சட்டம் ஒன்று, உடைந்துபோன தோட்டத்து ரேக்கின் கழி ஒன்று. இவ்வளவு இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் சல்லடை மாதிரி ஒரு தட்டை நீங்களே அடித்துவிடலாம்.

காசு மிச்சம் என்பதற்காகச் சொல்லவில்லை. கடையில் வாங்கிய ரேக்கும் என் கராஜில் தொங்குகிறது. இரண்டையும் மாற்றி மாற்றி எடுத்துப்போய்ப் பார்த்திருக்கிறேன். ரேக்கில் நண்டு நிறைய வரும், உண்மைதான். ஆனால் ஒரு காலை நேரத் தூண்டிலுக்கு எனக்கு வேண்டியது இளம் ஓடு கொண்ட ஏழெட்டு நண்டு. குவியலுக்குள்ளிருந்து அந்த ஏழெட்டைக் கண்டுபிடிப்பதற்குத் தட்டுதான் வசதி. மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்.

முதலில் எந்த நண்டு என்று சொல்லிவிடுகிறேன். காய்ந்த மணலில் வளை தோண்டி, கண்ணை உயர்த்திப் பார்த்துக்கொண்டு குறுக்கே ஓடுமே, அது இல்லை. இது அலை ஏறி இறங்குகிற ஈர மணலுக்குள்ளேயே புதைந்து வாழ்வது. எமெரிட்டா அனலோகா என்பது அறிவியல் பெயர். சாம்பல் நிறம், முட்டை வடிவம். கொடுக்கு கிடையாது, அதனால் குழந்தைகள் கையில் தைரியமாகக் கொடுக்கலாம். பெரிய பெண் நண்டின் ஓடு ஒன்றரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும், ஆண் அதைவிட நன்றாகச் சிறியது. வடக்கே அலாஸ்காவிலிருந்து தெற்கே மெக்ஸிகோவின் பாஹா வரைக்கும் இருக்கிறது, அப்புறம் பெரு, சிலி பக்கமும் இருக்கிறது. சென்னையிலிருந்து வந்திருந்த என் மச்சான் ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, “மாமா, பட்டினப்பாக்கத்துல தண்ணில நின்னா காலுக்கடியில குறுகுறுங்குமே, அதுதானே இது?” என்றான். நெருங்கிய சொந்தம்தான். சென்னைக் கரையில் இருப்பது எமெரிட்டா ஆசியாட்டிகா.

அது வாழும் விதம் தெரிந்தால் கருவியைப் பற்றிப் பேசுவது சுலபம். நண்டு பின்பக்கமாகவே தோண்டி இறங்கும், முகம் கடலைப் பார்த்தபடி இருக்கும். அலை ஏறி வந்து திரும்பி வடியும்போதுதான் இறகு போன்ற இரண்டு உணர்கொம்புகளை மணலுக்கு மேலே விரித்து, தண்ணீரோடு வருகிற நுண்ணுயிர்களை வடித்துத் தின்னும். அந்தக் கொம்புகள் தட்டுப்படுகிற இடத்தில் வடிகிற தண்ணீர் சின்னச் சின்ன முக்கோணமாகப் பிளக்கும். ஒரு பாத்தி அளவு இடத்தில் நூற்றுக்கணக்கில் அப்படித் தெரிந்தால் அங்கேதான் கூட்டம். கடல் ஏற ஏறக் கூட்டமும் கரையை நோக்கி மேலே வரும், வற்ற வற்றக் கீழே இறங்கும். நான் போவது கடல் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில், உச்சத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால்.

முக்கோணம் பார்க்கக் கண் பழகவில்லை என்றால் உள்ளான் கூட்டத்தைப் பாருங்கள். அலைக்குப் பின்னாலேயே ஓடி ஓடி ஒரே இடத்தில் கொத்திக்கொண்டிருந்தால் அவை நமக்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டன என்று அர்த்தம். கரையில் ஒதுங்கிய கடற்பாசியோடு காலி ஓடுகள் நிறையக் கிடந்தால் அதுவும் நல்ல சேதி, சட்டை உரித்த, அதாவது பழைய ஓட்டைக் கழற்றிவிட்டு இளம் ஓட்டோடு இருக்கும் நண்டுகள் பக்கத்தில் இருக்கின்றன. வசந்தத்திலிருந்து இலையுதிர் காலம் வரை பஞ்சம் இருக்காது. குளிர்காலத்துப் பெரிய அலைகள் கரை மணலை வாரிக்கொண்டு போய்க் கடலுக்குள் திட்டாகக் குவிக்கும்போது நண்டுகளும் கூடவே போய்விடும். அப்போது எந்தக் கருவி வைத்திருந்தாலும் ஒன்றும் கிடைக்காது.

சட்டை உரித்த நண்டுக்கு ஏன் இவ்வளவு கிராக்கி என்றால், கார்பினா. இடுப்பளவு கூட வேண்டாம், முழங்கால் அளவு தண்ணீரிலேயே முதுகு தெரிய வந்து மேயும் மீன். கோடைக்காலத்தில் காலடிக்குப் பக்கத்தில் வந்து நம்மைக் கேலி செய்துவிட்டுப் போகும். அதன் சாப்பாட்டில் பெரும்பங்கு மணல் நண்டுதான். வாய் நிறைய மணலை அள்ளி, இரையை மட்டும் பிரித்து வைத்துக்கொண்டு, மணலைச் செவுள் வழியாகத் தள்ளிவிடும். சல்லடையை வாயிலேயே வைத்திருக்கிற மீனுக்கு எது இளசு, எது முற்றல் என்று நம்மைவிட நன்றாகத் தெரியும். வரிப் பெர்ச் மீனுக்கு அவ்வளவு நாசூக்கு கிடையாது. முற்றிய நண்டையும் கடிக்கும், முட்டை வைத்ததையும் கடிக்கும். பெர்ச் மட்டும் போதும் என்பவர்களுக்கு இந்த எழுத்தில் பாதி தேவைப்படாது.

சரி, கருவிகள்.

கையே முதல் கருவி, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். தண்ணீர் வடிந்துகொண்டிருக்கும்போதே இரண்டு கையையும் நாலு விரல் ஆழத்துக்கு மேல் இறக்கி அப்படியே புரட்ட வேண்டும். முழுக்க வடிந்த பிறகு மணல் இறுகிவிடும், விரல் நுழையாது. கூட்டம் அடர்த்தியாக இருக்கும் நாளில் இரண்டு மூன்று அள்ளலில் தேவையானது கிடைத்துவிடும். கிளிஞ்சல் துண்டுகள் நகக்கண்ணில் ஏறும் என்பதுதான் குறை. தோட்ட வேலைக்குப் போடும் ரப்பர் கையுறை போட்டுப் பார்த்தேன், நண்டு ஊர்வது கைக்குத் தெரியவில்லை, கழற்றிவிட்டேன்.

அடுத்தது, பழைய பொருள் விற்கும் கடையில் மூன்று டாலருக்குக் கிடைத்த எண்ணெயில் பொரிக்கிற கம்பிக்கூடை. பிரெஞ்சு ஃப்ரைஸ் போடுவார்களே, நீளக் கைப்பிடியோடு, அதுதான். இது என் மகளுடையது, அவளுக்கு இதைவிட நல்ல கருவி கிடையாது. மணலோடு அள்ளித் தண்ணீரில் இரண்டு குலுக்கு, நண்டு மட்டும் நிற்கும். ஹன்டிங்டன் பீச், போல்சா சிகா மாதிரி பொடிமணல் கரையில் அருமையாக வேலை செய்யும். பருமணல் என்றால் கண் அடைத்துக்கொள்ளும். பெரியவர்களுக்கு இதன் தொல்லை குனிவதுதான். குனிந்து இருக்கும்போது அடுத்த அலை முகத்தில் அடிக்கும். அப்புறம் முலாம் உரிந்து துருப்பிடிக்கும், மூன்று டாலருக்கு அதையெல்லாம் பேசக்கூடாது. வீட்டு வடிதட்டைக் கொண்டு போகலாமா என்றால், வேண்டாம். ஓட்டைகள் சிறியவை, மணல் வடிய நேரம் பிடிக்கும், திரும்பி வந்தபின் சமையலறையிலும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

வாளியில் ஓட்டை போட்டு, மண்வெட்டியால் மணலை அள்ளிப் போட்டு, தண்ணீரில் முக்கி எடுக்கிற முறை ஒன்று உண்டு. காணொளிகளில் சுலபமாகத் தெரியும். ஐந்து கேலன் வாளியில் பாதி ஈர மணல் என்றாலே நாற்பது பவுண்டு வரும். அலைக்கு நடுவே அதைத் தூக்கி இறக்க என் முதுகு சம்மதிக்காது. அதே மாதிரி, பிவிசி குழாயில் செய்த உறிஞ்சு பம்பு வைத்திருப்பவர்கள் அதை இதற்கும் கொண்டு வருகிறார்கள். சேற்றுத் திட்டில் வளைக்குள் இருக்கும் பேய் இறாலுக்கு அது சரி. வளையே இல்லாமல் இடம் மாறிக்கொண்டிருக்கும் மணல் நண்டுக்கு அதில் வேலை இல்லை.

இப்போது கடை ரேக். இணையத்தில் வரியோடு எழுபது டாலருக்குப் பக்கம் ஆனது. ஓர் அடி அகலத்துக்கு ஆழமான கம்பிப் பெட்டி, வாயில் வரிசையாகப் பல், ஐந்தடி அலுமினியக் கைப்பிடி. நிமிர்ந்து நின்றே வேலை செய்யலாம், இது பெரிய சௌகரியம். முழங்கால் தண்ணீரில் பல்லை அழுத்தி இழுத்தால் ஒரே இழுப்பில் பெட்டி நிறைய வரும். நண்டு கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் குருட்டாம்போக்கில் இழுத்துப் பார்க்கலாம். இந்த மூன்றிலும் என் தட்டு இதற்கு ஈடாகாது.

குறை எங்கே என்றால், அந்தப் பெட்டியின் ஆழத்தில். மணல் வடிந்ததும் அடியில் சரளைக்கல்லும் கிளிஞ்சலும், அதன் மேல் நாலைந்து அடுக்காக நண்டும் நிற்கும். நண்டுக்குத் தெரிந்தது ஒன்றுதான், பின்னால் தோண்டுவது. மணல் இல்லாததால் ஒன்றுக்குள் ஒன்று தோண்டும். இளசுகள் அடியில் போய் மற்றவற்றின் கால் பட்டே நசுங்கும். பார்க்க வேண்டுமானால் எல்லாவற்றையும் வாளியில் கொட்டி, கையை விட்டுத் துழாவ வேண்டும். போதாததற்குப் பல் வரிசை வேறு. வெளியே வரும்போதே சில நண்டுகள் ஓடு பிளந்து மஞ்சள் கசியத்தான் வரும்.

ஒரு பருவம் முடிவதற்குள் கைப்பிடித் திருகுகள் ஆட ஆரம்பித்தன. பெட்டியின் பற்றவைப்பு ஓரமெல்லாம் செம்பழுப்பாகத் துருப்பிடித்து, ஒரு மூலை விட்டுப்போனது. ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவித்தான் மாட்டினேன். விற்றவர்களுக்குப் படத்தோடு எழுதினேன். உப்புத் தண்ணீரில் பயன்படுத்தியதால் வந்த சேதத்துக்கு உத்தரவாதம் பொருந்தாது என்று பதில் வந்தது. கடல் நண்டு பிடிக்கிற ரேக்கை வேறு எந்தத் தண்ணீரில் பயன்படுத்துவதாம்? அதற்குப் பதில் வரவில்லை. திருகுகளைத் துருப்பிடிக்காத எஃகில் மாற்றி, விட்டுப்போன மூலையைக் கம்பி போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன், இன்னும் வேலை செய்கிறது. எழுபது டாலர் பொருளுக்கு ஐந்துக்கு இரண்டரை. பல்லைச் சாணை பிடித்து மழுக்கிவிட்டால் மூன்று.

தட்டுக்கு வருகிறேன்.

வலை வாங்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள், கண் அளவு. ஹார்டுவேர் க்ளாத் என்று கேட்டால் துத்தநாகம் பூசிய சதுரக் கண் வலை கொடுப்பார்கள், இரண்டடி அகலம் ஐந்தடி நீளச் சுருளாகக் கிடைக்கும். கால் அங்குலம், அரை அங்குலம் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். கால் அங்குலம் எல்லாவற்றையும் பிடித்துவைக்கும், கிளிஞ்சல் பொடி, பொடிக்கல், மொச்சை அளவுக் குஞ்சு நண்டு உட்பட. அதைப் பொறுக்கிக்கொண்டு உட்கார்ந்தால் மீன் போய்விடும். அரை அங்குலத்தில் இரண்டு குலுக்கில் மணல் போய்விடும், குஞ்சுகளும் ஆண் நண்டுகளும் தாமாகவே கீழே நழுவிக் கடலுக்குப் போய்விடும். கட்டைவிரல் நகத்துக்கு மேற்பட்டதுதான் மேலே நிற்கும். தூண்டில் முள்ளில் கோர்க்க வேண்டிய அளவும் அதுதான்.

இருபத்திரண்டுக்குப் பதினெட்டு அங்குலமாக ஒரு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். நீளப் பக்கம் ஒன்றையும் இரண்டு குறுகிய பக்கங்களையும் இரண்டு அங்குலம் மேலே மடித்தால் பதினெட்டுக்குப் பதினாறில் ஆழமில்லாத தட்டு வந்துவிடும், நாலாவது பக்கம் திறந்த வாய். மடித்த மூன்று பக்கத்துக்கும் வெளியே மரச்சட்டம் வைத்து, உள்ளிருந்து ஸ்டேப்பிள் அடித்துவிடலாம். வாய்ப்பக்கம் ஒரு அங்குல அகல அலுமினியப் பட்டையை வைத்து, வலையின் ஓரத்தை அதன் மேல் மடக்கி, கறுப்பு ஸிப் டையால் இறுக்குங்கள். வெள்ளை ஸிப் டை வெயிலில் சீக்கிரம் உடைந்துவிடும். வெட்டிய கம்பி முனைகள் பொல்லாதவை, துணியையும் தொடையையும் கார் சீட்டையும் ஒன்றாகவே நடத்தும். பழைய தோட்டக் குழாயை நீளவாக்கில் கீறி, ஓரம் முழுக்கச் சொருகிவிட்டால் தொல்லை தீர்ந்தது.

கழியைப் பின்சட்டத்தில் சாய்வாக இரண்டு போல்ட்டால் பொருத்தி, ஒரு குறுக்குக் கட்டையும் முட்டுக் கொடுக்க வேண்டும். வடிகிற தண்ணீர் தட்டைத் தள்ளுகிற வேகம் முழுவதும் அந்த ஒரு மூட்டில்தான் இறங்கும், முட்டு இல்லாவிட்டால் சட்டம் பிளக்கும். போல்ட் மட்டும் துருப்பிடிக்காத எஃகாக வாங்குங்கள், இதில் கஞ்சத்தனம் வேண்டாம். கழி வீட்டிலேயே இருந்ததால் எனக்கு மொத்தம் இருபது டாலருக்குள் முடிந்தது, அதிலும் வலைச் சுருளில் பாதிக்கு மேல் மிச்சம்.

பயன்படுத்தும் முறைதான் இதில் சுவாரஸ்யம். ரேக் மாதிரி இதை இழுக்கக்கூடாது. கூட்டம் இருக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, கணுக்கால் தண்ணீரில், தட்டின் வாய் கரையைப் பார்க்கும்படி வைத்து, அலுமினிய ஓரத்தை மணலில் அழுத்திப் பிடியுங்கள். அலை உங்களைத் தாண்டி மேலே போகட்டும். அது திரும்பத் தொடங்கும் நொடியில், தட்டுக்கு மேற்பக்கத்து மணலைக் குதிகாலால் கிளறிவிடுங்கள். கூட ஆள் இருந்தால் அவர் மண்வெட்டியால் கிளறலாம், என் மகளுக்கு இந்த வேலை ரொம்பப் பிடிக்கும். கிளறிய மணலையும் நண்டையும் வடிகிற தண்ணீரே கொண்டுவந்து தட்டில் போட்டு, மணலை அதுவே கழுவியும் விடும். தண்ணீர் வடிந்து முடிவதற்குள் தட்டைத் தூக்கி இரண்டு குலுக்கு. அவ்வளவுதான், தோள் வலிக்காது.

இதில் ஓர் ஆபத்து உண்டு. வாய் கரையைப் பார்க்க வேண்டும் என்பதால் நாமும் கரையைப் பார்த்து நின்றுவிடுவோம், முதுகு கடலுக்கு. கூடாது. பக்கவாட்டில் நின்று, கழியை இடுப்போடு ஒட்டிப் பிடித்து, ஒரு கண்ணை அலை மேல் வைத்திருங்கள். அலை மார்பளவு எழும் நாளில் இந்தத் தட்டை எடுக்கவே வேண்டாம். கோடையில் திருக்கை மணலுக்குள் படுத்திருக்கும், அதனால் தண்ணீருக்குள் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள். சீல் பீச் பக்கம் இதை விளையாட்டாக நினைக்காதீர்கள். முள் குத்தினால் தாங்கக்கூடிய சூட்டு வெந்நீரில் காலை வைத்திருக்கச் சொல்லி உயிர்காப்பாளர்கள் உட்காரவைப்பார்கள், அன்றைய தூண்டில் அதோடு சரி.

தட்டைத் தூக்கியதும் உள்ளே பாருங்கள், நான் சொல்ல வந்தது அங்கேதான் இருக்கிறது. ஒரே அடுக்காக இருபது முப்பது நண்டு, எல்லாம் பின்னோக்கித் தள்ளிக்கொண்டு மூலைக்குப் போகும். முற்றிய ஓடு கம்பியில் பட்டு டிக் டிக் என்று சத்தம் போடும். அதற்கு நடுவே ஒன்றிரண்டு சத்தமே போடாது, கொஞ்சம் மந்தமாக நகரும், சாம்பலில் நீலம் கலந்த மங்கிய நிறத்தில் இருக்கும். அதை எடுத்துக் கட்டைவிரலால் முதுகை மெல்ல அமுக்குங்கள். தடித்த காகிதம் மாதிரி உள்ளே போய்த் திரும்பி வந்தால் அதுதான் நமக்கு வேண்டியது. அமுக்கியதும் கூழாகக் குழைந்தால் அப்போதுதான் சட்டை உரித்திருக்கிறது என்று அர்த்தம், மீனுக்கு உயிர், ஆனால் முள்ளில் நிற்காது. மெல்லிய ரப்பர் நூல் சுற்றிக் கட்டினால் ஒரு வீச்சுக்குத் தாங்கும். இந்தச் சோதனையெல்லாம் தட்டிலேயே பத்து நொடியில் முடிந்துவிடும். வேண்டாததைத் திறந்த வாய் வழியாகக் கவிழ்த்தால் அடுத்த அலையிலேயே புதைந்து மறைந்துவிடும். ரேக் பெட்டியில் இதைச் செய்யவே முடியாது.

வயிற்றுக்கடியில் ஆரஞ்சு நிறத்தில் மொத்தமாக முட்டை வைத்திருக்கும் பெண் நண்டுகள் கோடையில் நிறைய வரும். பெர்ச்சுக்கு அதுதான் முதல் தரம் என்று சொல்லும் தூண்டில்காரர்கள் உண்டு, தப்பில்லை, சட்டத்திலும் தடை கிடையாது. ஒரு நண்டு ஆயிரக்கணக்கில் முட்டை சுமக்கும். இளசு கிடைக்கிற நாளில் நான் அவற்றை விட்டுவிடுவேன். கிடைக்காத நாளில் இரண்டு மூன்று எடுப்பேன்.

தட்டின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மரம் ஊறிக் காய்ந்து வருஷத்துக்கு ஒருமுறை ஸ்டேப்பிள் கழன்றுகொள்ளும், மறுபடி அடிக்க வேண்டும். கடைவலையின் துத்தநாகப் பூச்சும் உப்புக்கு நெடுநாள் தாங்காது, ஆனால் மாற்றுத் துண்டு சுருளிலேயே இருக்கிறது. கார்ல்ஸ்பாட் பக்கம் குளிர்காலத்துக்குப் பின் கரை முழுக்கக் கூழாங்கல்லாகக் கிடக்கும்போது தட்டில் கல்தான் நிறையும். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இதைக் கட்டுப்படுத்த முடியாது. இதெல்லாம் சேர்த்தும் ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரையைக் குறைத்தது, காரின் பின்பக்கத்தில் அது அடைக்கிற இடத்துக்காக.

பிடித்த நண்டைத் தண்ணீரில் போட்டு வைக்காதீர்கள். தேங்கிய தண்ணீரில் பிராணவாயு தீர்ந்து மொத்தமும் செத்துவிடும். வாளியில் ஒரு கை ஈர மணல், மேலே நனைத்த சாக்குத் துண்டு அல்லது ஒதுங்கிய கடற்பாசி, நிழல். இது போதும், நாள் முழுக்க உயிரோடு இருக்கும். மீந்ததைக் குப்பையில் கொட்டாமல் அலை நனைக்கிற மணலில் விட்டுவிடுங்கள்.

கோர்ப்பதற்கு நாலாம் நம்பர் அல்லது ஆறாம் நம்பர் முள். வால் பக்கத்து அடியிலிருந்து ஏற்றி, முனை முதுகு ஓட்டில் கொஞ்சம் எட்டிப் பார்க்கும்படி விட வேண்டும். அரை அவுன்ஸ் அல்லது முக்கால் அவுன்ஸ் முட்டை வடிவ ஈயக்குண்டு தூண்டில் நரம்பில் ஓடும்படி, அதற்குக் கீழே ஒரு பாசிமணி, நரம்பு முறுக்காமல் இருக்கச் சுழலி, அப்புறம் இரண்டடி மெல்லிய நரம்பு. தூரம் வீச வேண்டாம். நம்மவர்கள் முழு பலத்தையும் போட்டு மீனுக்கு அப்பால் வீசிவிட்டு, மீனே இல்லை என்கிறார்கள். கார்பினா மேய்வது நாம் நண்டு அள்ளிய அதே இடத்தில்.

நண்டையே வறுத்துச் சாப்பிட்டால் என்ன என்று கண்டிப்பாக ஒருவர் கேட்பார். கடலில் சில வகைப் பாசி பெருகும் காலத்தில் டோமாயிக் அமிலம் என்ற நஞ்சு உருவாகும். வடித்துத் தின்னும் இந்த நண்டின் உடம்பில் அது சேரும், கரையில் நஞ்சின் அளவை அறிய ஆராய்ச்சியாளர்கள் இதைப் பிடித்துச் சோதிக்கும் அளவுக்கு. நான் சாப்பிட மாட்டேன். அதற்குப் பதில் இதை வைத்துப் பிடித்த பெர்ச்சைக் கீறி, மிளகாய்த்தூள், மஞ்சள், எலுமிச்சை தடவி முழுசாகப் பொரித்துப் பாருங்கள். வசந்தத்தில் பிடிக்கும் பெண் பெர்ச்சின் வயிற்றில் முட்டைக்குப் பதில் குட்டி மீன்களே இருக்கும், அது குட்டி போடும் இனம். அதைத் திருப்பி விட்டுவிடுவது எங்கள் வீட்டில் மகள் போட்ட சட்டம்.

அரசாங்கச் சட்டமும் இருக்கிறது. பொதுப் பியர் (கடலுக்குள் நீளும் மேடை) மேல் நின்று மீன் பிடிக்க லைசென்ஸ் வேண்டாம் என்பதால், மணலில் நண்டு எடுக்கவும் வேண்டாம் என்று சிலர் நினைக்கிறார்கள். வேண்டும், பதினாறு வயது ஆனவர்கள் எல்லோருக்கும். பாயிண்ட் ஆர்கெல்லோ என்ற கடல்முனைக்குத் தெற்கே கடல் மீன்பிடிப்புக்கான கூடுதல் முத்திரையும் வாங்க வேண்டும். மணல் நண்டு ஒரு நாளைக்கு ஆளுக்கு ஐம்பதுதான். கையால் இயக்கும் ரேக், மண்வெட்டி, தட்டு எல்லாவற்றுக்கும் அனுமதி உண்டு. லகுனா பீச் கரையில் உள்ளது போன்ற கடல் காப்பகங்களில் ஒரு நண்டுகூட எடுக்கக்கூடாது, புறப்படும் முன் மீன்வளத் துறையின் வரைபடத்தில் இடத்தைப் பார்த்துவிடுங்கள், விதிகள் அவ்வப்போது மாறும். ப்ளவர் பறவை முட்டையிடுவதற்காகக் கயிறு கட்டி அடைத்திருக்கும் மணற்பரப்பைத் தாண்டிக் குறுக்கு வழியில் போகாதீர்கள்.

ஐம்பது என்ற கணக்கு வந்த பிறகு ரேக் வாங்கும் கேள்விக்கே அவ்வளவு அர்த்தமில்லை. ஒரே இழுப்பில் நூறு அள்ளி, பாதிக்கு மேல் திருப்பிக் கொட்டுவதற்கு எழுபது டாலர் எதற்கு? முட்டிவலியால் குனியவே முடியாதவர்கள், பெர்ச்சுக்கு மட்டும் போகிறவர்கள், வலை வெட்டி ஸ்டேப்பிள் அடிக்க வீட்டில் இடமில்லாத அபார்ட்மென்ட்காரர்கள், இவர்கள் தாராளமாக வாங்கலாம். வாங்கினால் பெட்டியின் ஆழம் நாலு அங்குலத்துக்கு மேல் இல்லாததாகப் பார்த்து, வந்த அன்றே திருகுகளை மாற்றிவிடுங்கள். குழந்தையோடு போகிறவர்கள் முதலில் பொரிக்கும் கூடையைத் தேடுங்கள்.

சுருளில் மிச்சமாகும் வலையைத் தூக்கிப் போடாதீர்கள். கத்தரிக்காய்ப் பாத்திக்கு அடியில் விரித்து மண் போட்டால், மண்ணுக்கடியில் வளை தோண்டும் எலி மாதிரியான கோஃபர் வேரைக் கடிக்காது. என் வீட்டில் அதற்குப் போட்டதுபோக இன்னும் ஒரு தட்டுக்கான துண்டு இருக்கிறது.